எலக்ட்ரிக் வண்டிக்கு வெளியில் சார்ஜ் போடுகிறீர்களா? போர்டில் 20 ரூபாய்... பில்லில் ரூ.23.60! மீதி எங்கே போகிறது?

சென்னை:

பெட்ரோல் செலவுக்குப் பயந்து எலக்ட்ரிக் வண்டிக்கு மாறியவர்கள் சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உணவு டெலிவரி பையன்கள், கால் டாக்சி டிரைவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள், ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண்கள் என்று பட்டியல் நீளுகிறது.

வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமும், பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. ராத்திரி மாட்டினால் காலையில் புல் சார்ஜ். ஆனால் வாடகை வீட்டில், மாடி போர்ஷனில், சந்துக்குள் குடியிருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு பொது சார்ஜிங் நிலையம்தான் கதி.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. எந்த பிளக் நம்ம வண்டிக்குப் பொருந்தும்? எந்த ஆப்? காசு ஏன் முன்கூட்டியே கேட்கிறார்கள்? "20 ரூபானு போட்டிருந்தான், பில்லுல 23 ரூபா 60 காசு வருதே, ஏன்?" இப்படி கேள்விகள் ஏராளம். விவரம் வருமாறு:-

கிலோவாட் வேறு, யூனிட் வேறு

முதலில் இந்த இரண்டு வார்த்தைகளைப் புரிந்து கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்து விடும்.

யூனிட் என்பது வண்டிக்குள் ஏறும் மின்சாரத்தின் அளவு. வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். பெட்ரோலுக்கு லிட்டர் மாதிரி. பில் போடுவது இதை வைத்துத்தான்.

கிலோவாட் என்பது மின்சாரம் ஏறும் வேகம். குழாய் சின்னதா, பெரிசா என்கிற மாதிரி. 30 கிலோவாட் மெஷின் என்றால் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 30 யூனிட் ஏற்ற முடியும்.

ஆகவே கணக்கு சுலபம். உங்களுக்குத் தேவையான யூனிட்டை கிலோவாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்து விடும். 15 யூனிட் ஏற்ற வேண்டும் என்றால், 3.3 கிலோவாட் பாயிண்டில் நாலரை மணி நேரம். 30 கிலோவாட் மெஷினில் அரை மணி நேரம்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், உங்கள் வண்டி எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். சின்ன கார்கள் சிலவற்றில் உள்ளே இருக்கும் ஏ.சி. சார்ஜரே 3.3 கிலோவாட்தான். அதைக் கொண்டு போய் 7 கிலோவாட் ஏ.சி. பாயிண்டில் மாட்டினாலும் 3.3 வேகத்தில்தான் ஏறும். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் இடமாக இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வண்டி வாங்கும்போது தந்த கையேட்டில் ஏ.சி.க்கு எத்தனை கிலோவாட், டி.சி.க்கு எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து போனில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

எந்த வண்டிக்கு எந்த பிளக்?

* கார்: வேகமாக ஏற்றும் டி.சி. மெஷினுக்கு சி.சி.எஸ்-2 என்ற பெரிய கன். நிதானமாக ஏற்றும் ஏ.சி. பாயிண்டுக்கு டைப்-2 என்ற வட்டமான பிளக். இப்போது விற்கும் கார்களில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். பழைய மாடல் டாக்சிகள் சிலவற்றுக்கு ஜி.பி.டி. என்ற வேறு வகை கன் வேண்டும். சி.சி.எஸ்-2 அதில் நுழையாது.

* ஆட்டோ: பெரும்பாலான எலக்ட்ரிக் ஆட்டோக்களுக்கு சாதாரண 15 ஆம்பியர் பிளக் போதும். மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். கார்களுக்கான வேக மெஷின் இவற்றுக்குப் பொருந்தாது. அதனால் ஆப்பில் "சார்ஜிங் ஸ்டேஷன்" என்று காட்டியதும் கிளம்பிப் போய்விடக் கூடாது. அங்கே ஏ.சி. சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

* ஸ்கூட்டர்: கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய பிளக்குக்கு 2023-ல் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஹீரோவின் விடா ஸ்கூட்டரும் அதில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஓலாவுக்கு தனி பிளக். பல ஸ்கூட்டர்களுக்கு வேக சார்ஜ் வசதியே கிடையாது. கூட வரும் சார்ஜரை சாதாரண பாயிண்டில் மாட்ட வேண்டியதுதான்.

பில்லில் என்னென்ன சேர்கிறது?

பொது நிலையத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் மூன்று பங்கு இருக்கிறது.

ஒன்று, நிலையம் நடத்துபவர் மின்வாரியத்துக்குக் கட்டும் மின்சார விலை. இரண்டு, மெஷின், இடம், பராமரிப்பு, லாபம் எல்லாம் சேர்ந்த சேவைக் கட்டணம். மூன்று, 18 சதவீத ஜி.எஸ்.டி.

மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாதே, வீட்டு ஈ.பி. பில்லில் வருவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை என்று 2018-ல் மத்திய மின்துறை விளக்கம் கொடுத்தது. அதனால்தான் லைசென்ஸ் இல்லாமலே யார் வேண்டுமானாலும், விதிமுறைப்படி நிலையம் திறக்க முடிகிறது. அதே வழியில், சேவை என்றால் 18 சதவீத வரி என்று 2023-ல் கர்நாடகாவில் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையமும் சொல்லிவிட்டது. நிலையம் திறப்பவருக்கு அது வசதி. சார்ஜ் போடுபவருக்கு அது கூடுதல் செலவு.

எனவே போர்டில் 20 ரூபாய் என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருந்தால் உண்மையான விலை 23 ரூபாய் 60 காசு. வரி சேர்த்து 22 ரூபாய் என்று போட்டிருக்கும் நிலையம் இதைவிட மலிவு. இரண்டையும் ஒப்பிடும்போது வரியைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் மலிவு?

பொது நிலையங்களுக்கு மின்வாரியம் கொடுக்கும் மின்சாரத்தின் விலை நாள் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. காலை, மாலை உச்ச நேரத்தில் அதிகம். வெயில் நேரத்தில் சோலார் மின்சாரம் தாராளமாகக் கிடைப்பதால் குறைவு.

2024 செப்டம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலிலும், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி விலையில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் வாங்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இது நிலையத்துக்கான விலை. அந்தக் குறைவு அப்படியே உங்கள் கைக்கு வர வேண்டும் என்று இல்லை. ஆனால் நேரத்துக்கு ஏற்ப விலை மாற்றும் நிலையங்களும் இருக்கின்றன. சவாரி குறைவாக இருக்கும் மதிய நேரத்தில், சாப்பிடப் போகும்போது மாட்டிவிட்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஒரு டாக்சி கணக்கு

கையில் காகிதம் பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள். 25 யூனிட் பேட்டரி உள்ள ஒரு கால் டாக்சி. 20 சதவீதத்தில் இருந்து 80 சதவீதம் வரை ஏற்றினால் பேட்டரிக்குள் போவது 15 யூனிட். வழியில் வீணாவதையும் சேர்த்து மெஷினில் 16 யூனிட் என்று வைப்போம். யூனிட் 20 ரூபாய் என்றால் 320 ரூபாய். ஜி.எஸ்.டி. 57 ரூபாய் 60 காசு. மொத்தம் 377 ரூபாய் 60 காசு.

இதில் ஏறக்குறைய 95 கிலோமீட்டர் ஓடலாம். அதே தூரம், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் 6 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய். ஆக, வெளியில் சார்ஜ் போட்டாலும் 220 ரூபாய் மிச்சம்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் சார்ஜ் போட்டால் வீட்டு மின் கட்டணம்தான் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். வீட்டு பாயிண்டில் மின்சாரம் சற்று அதிகம் வீணாகும். 17 யூனிட் என்று வைப்போம். டாக்சி ஓட்டும் அளவுக்கு தினமும் ஏற்றினால் ஸ்லாப் மேலே போய்விடும் என்பதால், யூனிட் 10 ரூபாய் என்றே கணக்கிடுவோம். 170 ரூபாய்தான் ஆகிறது.

வெளியில் 377. வீட்டில் 170. ஒரு நாளைக்கு 207 ரூபாய் வித்தியாசம். மாதம் 25 நாள் ஓடினால் 5 ஆயிரத்து 175 ரூபாய்!

இந்த ஒரு கணக்கிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. அதே கார், அதே உழைப்பு. ராத்திரி வண்டி நிறுத்த இடமும் பிளக் பாயிண்டும் உள்ளவர் மாதம் 5 ஆயிரம் ரூபாய் கூடுதலாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அது இல்லாதவர் அந்தப் பணத்தை நிலையத்தில் கட்டுகிறார். ஒரு சின்ன போர்ஷனின் வாடகையே அவ்வளவுதான்.

ஆகவே எலக்ட்ரிக் ஆட்டோவோ, டாக்சியோ வாங்கப் போகிறவர்கள் மைலேஜ், மாதத் தவணை கேட்பதற்கு முன்பு, "ராத்திரி எங்கே சார்ஜ் போடுவேன்?" என்பதை முடிவு செய்ய வேண்டும். ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே பேசி, தனி சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துக் கொண்டால் பின்னால் சண்டை வராது. ஹவுஸ் ஓனர் 15 ரூபாய் கேட்டாலும்கூட வெளியில் போடுவதைவிட லாபம்தான்.

இங்கே இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு குறைந்த ஸ்லாப் சலுகை. வண்டி சார்ஜால் 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப் விலையும் சேர்ந்து உயரும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் அதிகம் வேண்டாம். தினமும் 1 யூனிட், ஒன்றரை யூனிட்தான் இழுக்கும். கார், ஆட்டோ வைத்திருப்பவர்கள்தான் மீட்டரில் ஒரு கண் வைக்க வேண்டும்.

சார்ஜ் போடுவது எப்படி?

1. கிளம்பும் முன் ஆப்பில் பாருங்கள். மெஷின் காலியா, வேலை செய்கிறதா, உங்கள் பிளக் உண்டா, யூனிட் என்ன விலை என்று தெரியும். மற்றவர்கள் எழுதிய கருத்தையும் படியுங்கள். "ரெண்டு நாளா ரிப்பேர்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு 2022 டிசம்பரில் தொடங்கிய "இ.வி. யாத்ரா" தளத்திலும் பக்கத்து நிலையங்களைத் தேடலாம்.

2. சார்ஜ் 20 சதவீதத்துக்கு வருவதற்குள் நிலையத்துக்குப் போய்விடுங்கள். போன இடத்தில் மெஷின் ரிப்பேர் என்றால் அடுத்த இடத்துக்குப் போகத் தெம்பு வேண்டும் அல்லவா?

3. வண்டியை ஆப் செய்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கன்னை "க்ளிக்" என்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். பாதி மாட்டினால் ஏறாது.

4. மெஷினில் உள்ள கியூ.ஆர். கோடை அந்த நிலையத்தின் ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள். எவ்வளவு ரூபாய்க்கு, அல்லது எத்தனை யூனிட் என்று கேட்கும். வண்டியும் மெஷினும் "பேசிக்கொள்ள" ஒரு நிமிடம் வரை ஆகும். அவசரப்பட்டு கன்னைப் பிடுங்க வேண்டாம்.

5. ஸ்கிரீனில் யூனிட் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போக வேண்டும். மாட்டிவிட்டுப் போய், அரை மணி கழித்து வந்து பார்த்தால் ஏறவே இல்லை என்று புலம்புபவர்கள் நிறைய.

6. முடிந்ததும் முதலில் ஆப்பில் "ஸ்டாப்" கொடுங்கள். பிறகு கன்னை எடுங்கள். வராவிட்டால் கார் லாக்கைத் திறந்து மறுபடி முயற்சி செய்யுங்கள். பலவந்தமாக இழுத்தால் பிளக் உடையும். சிவப்பு பட்டன் ஆபத்து நேரத்துக்கு மட்டும்.

80-க்கு மேல் ஏன் இழுக்கிறது?

வேக மெஷினில் 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். அதற்குப் பிறகு ஆமை வேகம். இது மெஷின் கோளாறு அல்ல. குடம் நிறையும் நேரத்தில், வழியாமல் இருக்க குழாயைச் சின்னதாக வைப்போமே, அதே மாதிரி பேட்டரியைக் காப்பாற்ற வண்டியே வேகத்தைக் குறைக்கிறது.

எனவே டி.சி. மெஷினில் 80-க்கு நிறுத்திவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம். கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சவாரி அடித்துவிடலாம். பின்னால் நிற்பவரும் வாழ்த்துவார். சில நிலையங்களில் சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் விழும். ஆப்பில் "ஐடில் பீஸ்" என்று இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

காசு மாட்டிக்கொண்டால்?

பெரும்பாலான நிலையங்களில் முதலில் ஆப்பின் வாலட்டில் பணம் ஏற்றச் சொல்வார்கள். அதில் இருந்து கழித்துக் கொள்வார்கள். இங்கே மூன்று விதமான சிக்கல் வரும்.

யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டது, வாலட்டில் ஏறவில்லை: பயப்பட வேண்டாம். கடைக்குக் கட்டிய யு.பி.ஐ. பணம் போய்ச் சேராமல் பாதியில் நின்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. உங்கள் பேங்கில் கேட்கலாம்.

வாலட்டில் கழிந்தது, வண்டியில் ஏறவில்லை: மெஷின் நம்பர், ஸ்கிரீன், வண்டியின் சார்ஜ் சதவீதம் மூன்றையும் உடனே போட்டோ எடுங்கள். மெஷினில் உள்ள கஸ்டமர் கேர் நம்பருக்கு அங்கிருந்தே போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் ஆதாரம் இருக்காது.

கம்பெனி கண்டுகொள்ளவில்லை: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண்ணும் போட்டோவும் கையில் இருந்தால் பேச்சுக்கு பலம்.

எல்லாவற்றையும்விட நல்லது, வாலட்டில் தேவைக்கு மேல் பணம் போடாமல் இருப்பது. "ஆயிரம் ஏற்றினால் நூறு இலவசம்" என்ற ஆசையில் ஐந்து ஆப்பில் போட்டு வைத்தால், பணம் அங்கங்கே சிதறிக் கிடக்கும். நீங்கள் தினமும் போகும் வழியில் இருக்கும் இரண்டு நிலையங்களின் ஆப் போதும். எல்லா நிலையங்களுக்கும் ஒரே ஆப் கொண்டுவரும் பொறுப்பை 2025-ல் பெல் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது மத்திய அரசு.

கியூ.ஆர். கோடு... உஷார்!

ஆள் இல்லாத நிலையங்களில், ஒரிஜினல் கோடு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி பணம் பறிக்கும் மோசடிக்கு வாய்ப்பு உண்டு. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் தொடவே வேண்டாம். போன் கேமராவில் ஸ்கேன் செய்யாமல், நிலையத்தின் ஆப்பைத் திறந்து அதற்குள்ளேயே ஸ்கேன் செய்யுங்கள். தனி நபர் பெயர் வந்தால் பணம் கட்டக் கூடாது. "ரீபண்ட் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மழைக்காலத்தில்...

சார்ஜிங் கன்கள் மழையைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. அதற்காக முழங்கால் தண்ணீரில் நின்று மாட்டக் கூடாது. கன் முனை உடைந்தோ, கருகியோ, உள்ளே தண்ணீர் நின்றோ இருந்தால் வேறு மெஷினுக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் சார்ஜ் போடுபவர்கள் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்சில் மாட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் கரண்டை அந்த மெல்லிய ஒயர் தாங்காது. சூடேறி உருகும், தீப்பிடிக்கும். எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயிண்ட் தனியாகப் போடுவதுதான் பாதுகாப்பு. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

இனி நிலையங்கள் பெருகுமா?

2024 அக்டோபர் 1-ந் தேதி தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்த நிதி 10 ஆயிரத்து 900 கோடி ரூபாய். அதில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2 ஆயிரம் கோடி. கார்களுக்கு 22 ஆயிரத்து 100 வேக மெஷின்கள், இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48 ஆயிரத்து 400 மெஷின்கள் என்பது நாடு முழுவதற்குமான இலக்கு. தமிழ்நாட்டில் பெட்ரோல் பங்குகளிலும், ஜி.எஸ்.டி. ரோடு போன்ற நெடுஞ்சாலை ஓட்டல்களிலும், மால்களிலும் மெஷின்கள் வந்துவிட்டன.

மாலில் பத்து மெஷின் வைப்பது கார்காரர்களுக்கு நல்லது. ஆனால் வியாசர்பாடியிலும், சைதாப்பேட்டையிலும், பல்லாவரத்திலும் சந்துக்குள் குடியிருக்கும் ஆட்டோ டிரைவருக்கு வேண்டியது, ராத்திரி நிறுத்தும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பாயிண்டும், நியாயமான ஒரு மீட்டரும்தான். ஆட்டோ ஸ்டாண்டுகளில் அது வந்தால், மேலே போட்ட கணக்கில் உள்ள வித்தியாசம் டிரைவர் பாக்கெட்டிலேயே நிற்கும்.

அதுவரைக்கும், மாட்டும் முன் விலையைப் பாருங்கள். வரியைச் சேர்த்துப் பாருங்கள். 80-க்கு நிறுத்துங்கள். பில்லை ஒரு தடவை படியுங்கள். 1915, 1930 இரண்டு நம்பரையும் இப்போதே போனில் பதிந்து வைத்துக் கொள்ளுங்கள்.